பல்லு மாஸ்டரும் முதல் வரியும்

விண்ணப்பத்தில் தன் பெயர் இரண்டாவது வரியில் இருப்பதைப் பார்த்ததும் பல்லு மாஸ்டருக்குப் பல் கூசியது.

முதல் வரியில் அவருடைய மனைவியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'துணை' என்று ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அவரை அடைத்து வைத்திருந்தார்கள்.

"என்ன சார் இது, தலைகீழா இருக்கு?" என்றார்.

வெளிநாட்டில் குடியேற வழி சொல்லும் ஆலோசகர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேராத்தான் சார் இருக்கு. மேடத்துக்கு எழுபத்தஞ்சு மார்க். உங்களுக்கு அறுபது. கணவன் மனைவி ரெண்டு பேர்ல யாருக்கு மார்க் ஜாஸ்தியோ அவங்க பேர்ல போட்டாத்தான் சீக்கிரம் கூப்பிடுவாங்க. அவங்கதான் மெயின். நீங்க கூடப் போறவர்."

"வீட்டுக்குத் தலைவன்னு ஒருத்தன் இருக்கேனே, அதுக்கு மார்க் கிடையாதா?"

"அதுக்குக் கட்டமே கிடையாது சார்."

எல்லாம் வண்டியால் வந்த வினை. மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு அவர் மாடியேறி வருவதற்குள் இங்கே கணக்கே முடிந்துவிட்டது. அவர் நுழைந்தபோது ஆலோசகரும், மனைவியும், மூலையில் உட்கார்ந்து தாள்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த வரவேற்பு அக்காவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. துளை போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"விடுங்க. நானே மெயினா இருந்துக்கறேன்" என்றாள் மனைவி, பெரிய மனது பண்ணி. "நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்தாப் போதும்."

இதில் 'பின்னாடியே' என்ற சொல்தான் அவருக்குள் போய் மாட்டிக்கொண்டது, கடைவாயில் நார் மாட்டிக்கொள்வதைப் போல.

பல்லு மாஸ்டர் பல் வைத்தியர் இல்லை. பல் வைத்தியர்கள் மாவுக் கட்டியில் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் கட்டிக் கொடுக்கிற லேபில் அவருக்கு வேலை. துருவித் துருவி ஆராய்வது பிறவிக் குணம். ஒரு பல் வரிசையைப் பார்த்தால், அதற்குரிய ஆள் எந்தப் பக்கம் மெல்லுவார், பேனாவைக் கடிப்பாரா, தூக்கத்தில் நறநறப்பாரா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். ஆனால் எதிரே முழுசாக நிற்கும் மனிதரைப் பார்த்து அவர் எதையாவது கண்டுபிடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

மனைவி லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவள் போன்தான் அடிக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கும் அந்தப் போனுக்கும் ஏதோ ரகசிய உடன்படிக்கை இருந்தது. தட்டு வந்ததும் போன் வந்துவிடும். ஒருமுறை அவள், "ஒரு வேளைச் சாப்பாடாவது முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடணும்ங்க" என்று சொன்னாள், ஆறிப்போன தட்டைப் பார்த்துக்கொண்டே. பல்லு மாஸ்டரும் மனம் இளகி, "நிதானமா மென்னு சாப்பிடு, பல்லுக்கு நல்லது" என்றார்.

ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கும் இரண்டாவது வாயில் போன் அடித்தது. அவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர் உள்ளேயிருந்து அலறினார்.

"ஐயா, பயப்படாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன். கதவுக்குப் பக்கத்துல அம்புக்குறி போட்ட பட்டன் ஒண்ணு இருக்கா? அதை விடாம அமுக்கிட்டே இருங்க. நீங்க அமுக்கறதை வச்சுத்தான் எனக்கு மேல வேலை ஓடும். கையை எடுத்துடாதீங்க, என்ன?"

அலறல் அடங்கியது. "அமுக்கறேம்மா, அமுக்கறேன்" என்று பொறுப்பான குரல் வந்தது.

பல்லு மாஸ்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அந்தப் பட்டன் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. பாதி வழியில நிக்கிற லிஃப்ட்ல அது செத்த பட்டன்" என்றாள் அவள், கையைக் கழுவிக்கொண்டே. "கை சும்மா இருந்தா மனுஷன் கதவை உதைப்பான், கூரையைப் பிடிச்சுத் தொங்குவான். ஒரு பட்டனைக் கொடுத்துட்டா அமைதியா நிப்பான். நான் மேல மெஷின் ரூம்ல திருகிட்டு இருப்பேன். கதவு திறந்ததும், தானே திறந்துட்டோம்னு நெஞ்சை நிமிர்த்திட்டு வெளிய வருவான். ஒருத்தர் எனக்கே விளக்கம் சொன்னார், எப்படித் திறந்தேன்னு."

"அட பாவமே! இப்படியும் ஏமாறுவாங்களா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார் பல்லு மாஸ்டர்.

சிரிப்பு அடங்குமுன் மச்சானிடமிருந்து அழைப்பு. மனைவியின் அண்ணன். செய்தி அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, எப்படித்தான் சேர்ந்ததோ.

"மாப்பிள்ளை! தங்கச்சி உங்களையும் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளாமே, ரொம்ப சந்தோஷம்!"

அந்த 'உங்களையும்' தாங்க முடியாததாக இருந்தது. மூன்று வருடமாக மனைவி வெளிநாடு வெளிநாடு என்று சொல்லும்போதெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தியவர், அன்று மாலையே இங்கிலீஷ் பயிற்சி வகுப்பில் போய் நின்றார். மொழித் தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் வரி மாறும். முதல் வரி தன்னுடையது.

வகுப்பு முழுக்கக் குடியேறப் போகும் தம்பதிகள். பல்லு மாஸ்டருக்கு இங்கிலீஷைவிட இன்னொரு பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஜோடியாகப் பிடித்து, "உங்க வீட்ல யாரு மெயின்? எப்படி முடிவு பண்ணீங்க?" என்று விசாரித்தார்.

கணக்காளர் ஒருவர், "எங்க ரெண்டு பேர்ல யாருக்கு ஆபீஸ் ஆபீஸா அலையப் பொறுமை இருக்கோ அவங்க. அதனால அவ" என்றார். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், "நாங்க காசு சுண்டிப் போட்டோம். அவர் ஜெயிச்சார். மறுபடி சுண்டினோம்" என்றாள். ஒரு வெல்டர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்து, "நான்தாங்க மெயின்" என்றார். பல்லு மாஸ்டர் ஆனந்தத்தோடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கும்போது, பக்கத்திலிருந்த வெல்டரின் மனைவி, "ஆமா, அவர்தான் மெயின். அதை முடிவு பண்ணது நானு" என்றாள்.

பல்லு மாஸ்டருக்கு அது புரியவில்லை. மற்றவர்களிடம் கேட்டதிலும் உருப்படியான சூத்திரம் எதுவும் கிடைக்கவில்லை.

பேசிப் பழக ஆள் வேண்டுமே! லேபில் மேஜை மேல் வரிசையாக நின்ற மாவுக்கட்டி வாய்களோடு இங்கிலீஷ் பேசிப் பார்த்தார். அவற்றுக்குப் பல் இருந்தது, நாக்கு இல்லை. வேறு வழியில்லாமல் மனைவியையே கேள்வி கேட்கச் சொன்னார். அவளும் லிஃப்ட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே வீட்டுக்கு வந்து கேட்டாள். அவர் பதில் தேடும் இடைவெளியில் பொழுது போகாமல் தானே பதிலும் சொல்லிப் பார்த்தாள். "நீயும் ஒப்புக்குப் பரீட்சை எழுதேன், எனக்கு ஒரு துணையா இருக்கும்" என்று அழைத்துப் போனதும் அவர்தான்.

பேச்சுத் தேர்வில் எதிரே உட்கார்ந்த தேர்வாளர் சிரித்து வரவேற்றார். அங்கேதான் சனி பிடித்தது. சிரித்ததில் மேல்வரிசை தெரிந்தது. உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். பல்லு மாஸ்டர் கண்ணைப் பல்லிலிருந்து எடுக்காமல், இடது கோரைப்பல்லுக்குப் போட்டிருக்கும் உறை சரியாகப் பொருந்தவில்லை, யார் செய்தார்களோ தெரியவில்லை, அவர்கள் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்பதைத் தப்பில்லாத இங்கிலீஷில் விளக்கினார். தேர்வாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் விரலிடுக்கு வழியாக வந்ததில் பல்லு மாஸ்டருக்குப் பாதி விளங்கவில்லை.

மனைவியோ அடுத்த அறையில், இரண்டு மாடிக்கு நடுவே தொங்கும் மனிதர்களின் கதைகளைச் சொல்லித் தேர்வாளரைக் கட்டிப்போட்டிருந்தாள். மணியடித்த பிறகும் அந்த அம்மாள் "அப்புறம்?" என்று கேட்டாராம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, அவருக்கு ஐந்து ஏறியது, அவளுக்குப் பத்து ஏறியது.

"இடைவெளி இப்போ இருபது ஆயிடுச்சு சார்" என்றார் ஆலோசகர். "வேணும்னா பழைய லேப்ல வேலை பார்த்ததுக்கு ஒரு அனுபவக் கடிதம் கொண்டு வாங்க. அதுல கொஞ்சம் தேறும்."

பழைய லேப் ஒரு பாழடைந்த கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மூச்சு வாங்க ஏறிப் போனவரைப் பழைய முதலாளி கட்டிப்பிடித்து வரவேற்றார். தன் வாயில் இன்னும் அசையாமல் இருக்கும் பல்செட் இவர் கைவண்ணம் என்பதில் அவருக்குப் பெருமை.

"அண்ணே, என்னைப் பத்திக் கொஞ்சம் தாராளமா எழுதுங்க" என்று பல்லு மாஸ்டர் வாயைக் கொடுத்தார்.

முதலாளி வஞ்சகமில்லாத மனிதர். தாராளமாகவே எழுதினார். இந்த லேபே இவரால்தான் நடந்தது, பத்துப் பேரை மேய்த்தார், எல்லா முடிவும் இவருடையது, நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று.

ஆலோசகர் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், இதைப் படிச்சா நீங்க மேனேஜர்! அவங்களுக்கு வேண்டியது பல் செய்யற ஆள். மேனேஜர் அவங்க ஊர்லயே தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. இதை அனுப்பினா இருக்கற அனுபவ மார்க்கும் போயிடும்."

திருத்தித் தரச் சொல்லிப் போன் செய்தார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "மனசார எழுதினதை மாத்தணுமா? உன்னைக் கூலியாளுன்னு என் கையால எழுதணுமா? முடியாது!" என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு பல்லு மாஸ்டர் காலையும் மாலையும் போன் செய்தார். அவர் எடுக்கவே இல்லை.

கடைசியில் ஒரு நாள் பல்லு மாஸ்டர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் உண்மையாகவே பாரம். இவ்வளவு வருடம் ஊரார் வாயையெல்லாம் சரிசெய்தவன், ஒரு கட்டத்திலிருந்து வெளியே வர வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று தன் மேலேயே இரக்கம் பிறந்தது.

"போதும்மா. என்னால ஆகாது. நீயே மெயினா இரு."

ஸ்பேனர்ப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனைவி சட்டென்று நின்றாள். அவள் முகத்தில் ஒரு பதற்றம் வந்து போயிற்று. பிறகு அருகில் வந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம், வயசும் ஆகுது இல்ல? முடியலைன்னா விட்டுடுங்க. இதுல என்ன இருக்கு? அண்ணன்கிட்டயும் நானே சொல்லிடறேன், அவரால முடியலைன்னு."

அவர் கண் திறந்தது. "யாரால முடியல?"

"இல்லைங்க, நான் அதுக்குச் சொல்லல..."

"யாருக்கு வயசாச்சு? அந்த இங்கிலீஷ் புக்கை எடு!"

புத்தகம் ஏற்கெனவே மேஜை மேல் தயாராக இருந்தது.

மறுநாளிலிருந்து மாவுக்கட்டி வாய்கள் எல்லாம் இங்கிலீஷ் கேட்டுக் களைத்துப் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். இடையிடையே பழைய முதலாளிக்குப் போன் போடுவதையும் விடவில்லை. ஒரு நாள் அதிசயம் நடந்தது. முதலாளியே அழைத்து, "வந்து கடிதத்தை வாங்கிக்கோப்பா, நீ கேட்ட மாதிரியே எழுதிட்டேன்" என்றார் குழைவாக.

பல்லு மாஸ்டர் ஓடினார். படியில் கால் வைக்கும்போதுதான் கவனித்தார், லிஃப்ட்டில் விளக்கு எரிந்தது. ஏறி, ஐந்தாம் நம்பரைத் தானே அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அது வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"அட, லிஃப்ட் ஓடுதே அண்ணே!"

"ஆமாப்பா, புண்ணியவதி ஒருத்தங்க..." என்று ஆரம்பித்த முதலாளி எதையோ நினைத்துக்கொண்டு, "கம்பெனியிலேர்ந்து வந்து சரி பண்ணாங்க" என்று முடித்தார்.

லிஃப்ட் எப்படி ஓட ஆரம்பித்தது என்று துருவ நினைத்தார். ஆனால் கையிலிருந்த கடிதத்தில் 'தன் கையாலேயே பல் செய்தார்' என்ற வரியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"பார்த்தியா? விடாம போன் பண்ணேன். ஆள் வழிக்கு வந்துட்டார்" என்றார் வீட்டில்.

"உங்க விடாமுயற்சி யாருக்கு வரும்!" என்றாள் மனைவி.

இரண்டாவது தேர்வில் தேர்வாளரின் நெற்றியைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. அந்த மனிதருக்குப் பல் இருந்ததா என்பதே தெரியாது என்கிற அளவுக்கு மனதை அடக்கினார். மார்க் பொழிந்தது. அதே வாரத்தில் மனைவி ஈரக் கண்ணோடு வந்து நின்றாள்.

"என்னோட தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கணும்னு சொன்னாங்க இல்ல? நேத்தோட கடைசி நாள் போயிடுச்சுங்க. ஒரு லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்க, போயிட்டேன், மறந்தே போச்சு. இனிமே எனக்கு அந்த மார்க் வராதாம்."

நகரத்திலிருக்கும் எந்த லிஃப்ட்டுக்கு எப்போது எண்ணெய் போட வேண்டும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தவள் அவள். பல்லு மாஸ்டர் அதை யோசிக்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் குதூகலம் பொங்கியது, வெளியே தாராள மனது வந்தது.

"அழாதே. நான் இருக்கேன்ல? நான் மெயினா இருந்து உன்னைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரிதானேங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மச்சானுக்கு அவரே போன் செய்தார். "உங்க தங்கச்சியையும் கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்று, அந்த 'யும்' என்பதை அழுத்தி உச்சரித்தார். ஜென்ம சாபல்யம்.

கையெழுத்துப் போடும் நாளும் வந்தது. அலுவலக வாசலில் மனைவி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். "நீங்க மெயின், நீங்க முன்னாடி போங்க. வண்டியை நான் நிறுத்திட்டு வர்றேன்."

பல்லு மாஸ்டர் மாப்பிள்ளைத் தோரணையில் மாடியேறினார். வரவேற்பு அக்கா எழுந்து நின்று வணங்கிவிட்டு மறுபடி துளை போட உட்கார்ந்தார். முதல் வரியில் தன் பெயர் பளிச்சென்று இருந்ததைப் பல்லு மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தை வீசினார்.

"வாழ்த்துகள் சார்" என்று ஆலோசகர் பேனாவை மூடினார். "மெயினா இருக்கறவருக்குச் சில நிபந்தனை இருக்கு, வாசிச்சிடறேன். மூணு வருஷத்துக்கு நீங்க இதே தொழில்லதான் இருக்கணும். மாறக் கூடாது. அவங்க சொல்ற ஊர்லதான் இருக்கணும். உங்களுக்குச் சின்ன ஊர் ஒண்ணு போட்டிருக்காங்க. அந்த வட்டாரத்துக்கே பல் லேப் ஒண்ணுதான். யாருக்குப் பல்செட் உடைஞ்சாலும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அதனால போனை மட்டும் எப்பவும் கையில வச்சிருங்க. சாப்பிடும்போதும்."

பல்லு மாஸ்டர் கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அப்போ... துணையா வர்றவங்களுக்கு?"

"துணைக்கு ஒரு நிபந்தனையும் கிடையாது சார். மேடம் லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். படிக்கலாம், தோட்டம் போடலாம், சும்மாவும் இருக்கலாம். அது அவங்க இஷ்டம்."

பல்லு மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, மூலைக் கடையில் வாங்கிய பன்னை மனைவி தின்றுகொண்டிருந்தாள். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை, அவசரமே இல்லாமல், கண்ணை மூடி, நிதானமாக மென்று. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

"இதை ஏன் சார் எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

ஆலோசகர் தர்மசங்கடத்தோடு மேஜையைப் பார்த்தார். மூலையில் துளை போடும் சத்தம் நின்றது.

"எங்க சார் சொல்ல விட்டாங்க?" என்றார் வரவேற்பு அக்கா. "நீங்க வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருந்தப்பவே மேடம் இந்த நிபந்தனையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 'அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கக்கா, கதவு திறக்கற வரைக்கும் அவர் அந்தப் பட்டனை அமுக்கிட்டே இருக்கட்டும்'னு சொல்லிட்டாங்களே!"